சொந்தத் தளமும் சொந்த முகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு வருடங்களாகத் தனிநபர்களுக்கு இணையத்தளம் கட்டித் தருகிறேன். ஓவியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், என்ன ஆகப்போகிறோம் என்று இன்னும் முடிவு செய்யாத மாணவர்கள் என்று பலர். சென்ற ஆண்டு என் சொந்தத் தளத்தையே பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்டினேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த கேள்விகளும், வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்கு நீளமாகப் பேசியாக வேண்டும்.

எல்லாரும் சமூக ஊடகத்தில்தான் இருக்கிறார்கள். எனக்கு எதற்குத் தனித் தளம்?

சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்கியபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, ஊர், படிப்பு, வேலை, ஒரு முகப்படம், கடைசியில் நூறு நூற்றைம்பது எழுத்துக்குள் உங்களைப் பற்றி ஒரு குறிப்பு. நீங்கள் யார் என்பதை, உங்களைப் பார்த்தே இராத யாரோ ஒருவர் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருந்தார், நீங்கள் நிரப்பினீர்கள், அவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்ட எட்டு வருடத்தைச் சொல்ல அங்கே கட்டம் கிடையாது. மூன்று மொழிகளில் யோசிக்கிறவருக்கு, வயலின் வாசிப்பதை நிறுத்திவிட்டு வயலின் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு, ஒரு நாட்டில் பிறந்து இன்னொரு நாட்டில் வளர்ந்து எதைத் தன் ஊர் என்று எழுதுவது என்று தயங்குகிறவருக்கு எந்தக் கட்டமும் சரியாக வராது. கட்டம் இல்லாததைச் சொல்லாமல் விடுகிறோம். அப்படி விட்டு விட்டே, அது ஒன்றும் முக்கியமில்லை என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. என்னை உறுத்துவது இதுதான்.

சொந்தத் தளத்தில் பதில் மட்டுமல்ல, கேள்வியும் உங்களுடையது. நான் கட்டிக்கொடுத்த தளங்களில் ஒரு மொழிபெயர்ப்பாளருடையது இருக்கிறது. முகப்பில் அவர் பெயருக்கு அடுத்து வருவது, அவர் மொழிபெயர்க்க மறுத்தவற்றின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் காரணத்தோடு. எந்த ப்ரொஃபைல் பக்கமும் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருக்காது. ஆனால் அதைப் படித்த ஐந்து நிமிடத்தில் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துவிடும்.

சமூக ஊடகத்தை விட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. நானும் அங்கே இருக்கிறேன், ஆட்களைச் சந்திக்க நல்ல இடம். சந்தித்தவர்களை அழைத்து உட்கார வைக்க நமக்கென்று ஓர் இடமும் வேண்டும்.

எல்லாத் தளங்களும் ஏன் ஒரே மாதிரி ஆகிவிட்டன?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1991இல், வேர்ல்ட் வைட் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வைத்த முதல் தளத்தில் எழுத்தும், ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் சுட்டிகளும் (லிங்க்) மட்டும்தான் இருந்தன. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது, அதன் பிறகுதான் சாதாரண மனிதர்கள் பக்கம் கட்ட வந்தார்கள். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் இலவசமாக இடம் கொடுத்தது. அங்கே பக்கங்களை ஒரு நகரம் மாதிரி பேட்டை பேட்டையாகப் பிரித்திருந்தார்கள். சினிமாப் பிரியர்களுக்கு ஹாலிவுட் பேட்டை, அறிவியல் புனைகதைக்காரர்களுக்கு ஏரியா51 பேட்டை, உங்கள் பக்கத்துக்கு ஒரு வீட்டு எண். வேலை என்ன, படிப்பு என்ன என்பதற்கு முன்னால் எதன் மேல் ஆசை என்பது உங்கள் முகவரியிலேயே வந்துவிடும். எனக்கு அந்த ஏற்பாடு இன்றைக்கும் பிடிக்கும்.

கொரியாவில் சைவேர்ல்ட் என்ற தளத்தில் ஆளுக்கொரு சின்ன அறை, அதை அலங்கரிக்க ‘ஓக் மரக் கொட்டை’ என்று பொருள்படும் பெயரில் ஒரு மெய்நிகர் காசு. 2003இல் வந்த மைஸ்பேஸில் ப்ரொஃபைல் பெட்டிக்குள் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்ற பக்கம் கட்டும் மொழிகளில் எழுதிய கோடை, அதாவது நிரலை, ஒட்டினால் பக்கத்தின் தோற்றமே மாறியது. பள்ளி மாணவர்கள் அதற்காகவே கோடு எழுதக் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் தொழில்முறை வடிவமைப்பாளர்களான பலருக்கு அதுதான் முதல் பாடம்.

2004இல் ஃபேஸ்புக் வந்தது. எல்லாருக்கும் ஒரே சட்டகம், ஒரே நீலமும் வெள்ளையும். ஆனால் பெரிய மாற்றம் நடந்தது 2006இல், எல்லாருடைய பதிவுகளையும் ஒரே வரிசையில் காட்டும் நியூஸ் ஃபீட் வந்தபோது. அதற்கு முன் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்கள் பக்கத்துக்கு வர வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதியதே துண்டு துண்டாக அவர்களைத் தேடிப் போனது, இன்னும் நூறு பேருடைய துண்டுகளுக்கு நடுவே. யாரும் வராத வீட்டை எதற்கு அலங்கரிப்பது? அலங்காரம் அங்கே செத்தது. நிறத்தையும் எழுத்துருவையும் பறித்தது கூட அவ்வளவு பெரிய இழப்பில்லை, வருகையைப் பறித்ததுதான் இழப்பு.

அப்புறம் கைபேசி. 2010இல் ஈதன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர், ஒரே பக்கம் திரையின் அளவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் முறைக்குப் பெயர் வைத்து விளக்கினார். அடுத்த ஆண்டு ட்விட்டர் நிறுவனத்திலிருந்து பூட்ஸ்ட்ராப் என்ற தளம் கட்டும் கருவித்தொகுப்பு வெளியானது, அதில் பொத்தான், மெனு, கட்டம் எல்லாம் தயாராகவே இருந்தன. அதோடு டெம்ப்ளேட், அதாவது தயார் வடிவம், விற்கும் சேவைகளும் பெருகின. மேலே பெரிய படம், நடுவில் ஒரு வாசகம், கீழே மூன்று பெட்டி. நல்லதும் நடந்தது என்பதை மறைக்கக் கூடாது. சின்னத் திரையில் படிக்க முடிகிறது, பார்வையற்றவர்களுக்குப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்குப் பக்கத்தின் கட்டமைப்பு முன்பைவிட நன்றாகப் புரிகிறது. ஆனால் மூன்று பெட்டி இருக்கிறது என்பதற்காகவே தன்னைப் பற்றி மூன்று விஷயம் யோசித்து எழுதுகிறவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

அப்படியென்றால் பழைய மாதிரி மினுக்கும் எழுத்தும் ஓடும் வரியும் வைக்கச் சொல்கிறீர்களா?

உங்களுக்குப் பிடித்தால் வையுங்கள். 2013இல் தொடங்கிய நியோசிட்டீஸ் என்ற தளம் கட்டும் சேவையில் இன்றும் இளைஞர்கள் அப்படிப்பட்ட பக்கங்களை ஆசையாகக் கட்டுகிறார்கள். ஆனால் அசைவு சிலருக்குத் தலைசுற்றலையும் ஒற்றைத் தலைவலியையும் கொண்டுவரும். அசைவு வேண்டாம் என்று தன் கருவியில் அமைத்து வைத்திருப்பவருக்கு அது தானாக நின்றுவிடும்படி சிஎஸ்எஸ்ஸில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள், போதும்.

மாற்றிக் கட்டும் வேலையை எங்கே தொடங்குவது? நிறத்திலா, லோகோவிலா?

இரண்டிலும் வேண்டாம். இருக்கிற தளத்தின் எழுத்து முழுவதையும் ஒரு தாளில் அச்செடுங்கள். படம் வேண்டாம், வெறும் எழுத்து. இன்னொருவர் தளத்தில் அப்படியே ஒட்டினாலும் பொருந்திவிடும் என்று தோன்றும் வாக்கியத்தை எல்லாம் பேனாவால் அடித்துக்கொண்டே போங்கள். ‘ஆர்வமும் அர்ப்பணிப்பும் கொண்டவன்’, ‘தரமே என் தாரக மந்திரம்’, ‘புதியவற்றைக் கற்பதில் நாட்டமுள்ளவள்’ எல்லாம் போய்விடும். என் தளத்தில் இதைச் செய்தபோது நாலு பக்கத்தில் மிஞ்சியது பதினோரு வாக்கியம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் பத்து வருடமாக மற்றவர்களுக்கு ‘உங்களுக்கே உரியதை எழுதுங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

மிஞ்சிய வாக்கியங்கள்தான் புதிய தளத்தின் அஸ்திவாரம். அவற்றைப் பார்த்துவிட்டு, யார் வரப்போகிறார்கள் என்று மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனை ஆட்கள் வேண்டாம், உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்த மூன்று பேர். வேலை தரக்கூடிய ஒருவர், பதினைந்து வருடமாகத் தொடர்பு விட்டுப்போன ஒரு தோழி, உங்கள் துறைக்குள் இப்போதுதான் காலெடுத்து வைக்கும் ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் உங்கள் முகப்பில் எதைத் தேடுவார்? அந்தத் தோழிக்கு உங்கள் பட்டங்கள் வேண்டாம், இப்போது எங்கே இருக்கிறாய், நன்றாக இருக்கிறாயா என்பதுதான் வேண்டும். அந்தப் பையனுக்கு நீங்கள் வென்றதைவிடத் தடுமாறியது அதிகம் உதவும். இந்த மூன்று பேரின் தேடலையும் ஒரு தாளில் எழுதினால் உங்கள் மெனு அதிலேயே இருக்கும். பெரும்பாலும் அது ‘முகப்பு, சேவைகள், தொடர்பு’ என்று வராது.

நிறம் இதற்கெல்லாம் பிறகுதான்.

‘என்னைப் பற்றி’ பக்கத்தில் என்ன எழுதுவது? எழுத உட்கார்ந்தாலே கை ஓடவில்லை.

கை ஓடாததற்குக் காரணம், அந்தத் தலைப்பு உங்களை மொத்தமாகச் சொல்லச் சொல்கிறது. யாராலும் முடியாது. நான் வேறு தலைப்பு கொடுத்துப் பார்ப்பேன். ‘இப்போது என் மேசையில்’ என்று எழுதச் சொன்னால் எழுதிவிடுகிறார்கள். ‘நான் மனதை மாற்றிக்கொண்ட விஷயங்கள்’ என்று கேட்டால் இன்னும் நன்றாக எழுதுகிறார்கள். டெரெக் சிவர்ஸ் என்பவர் 2015இல் தன் தளத்தில் ‘இப்போது’ என்று ஒரு பக்கம் வைத்தார், பழைய நண்பரைச் சந்தித்தால் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்வேனோ அது மட்டும். அதைப் பார்த்துப் பலர் அப்படி வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் தேதி போடுவது முக்கியம். ‘நான் இப்படிப்பட்டவன்’ என்பது தேதி இல்லாமல் நிற்கும்போது கல்வெட்டு மாதிரி ஆகிவிடுகிறது, தேதியோடு நின்றால் அடுத்த வருடம் வேறு மாதிரி இருக்க உங்களுக்கே இடம் கிடைக்கிறது.

மூன்றாம் ஆளாக எழுதாதீர்கள், ‘இவர் பல்வேறு’ என்று தொடங்காதீர்கள். உங்கள் வீட்டில் நீங்களே பேசுங்கள்.

சொந்தப் பெயரா, புனைபெயரா? புனைபெயரில் இருப்பவர்களை யாரும் நம்பமாட்டார்கள் என்கிறார்களே?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அரசுச் சான்றிதழில் இருக்கும் பெயர்தான் உண்மைப் பெயர், மற்றதெல்லாம் முகமூடி என்ற எண்ணம் தவறு. ஒரு பெயரில் பத்து வருடம் எழுதி, அந்தப் பெயருக்கு வந்த கடிதங்களுக்குப் பதில் சொல்லி, செய்த தப்புக்கு அந்தப் பெயரிலேயே மன்னிப்புக் கேட்டவருக்கு அதுவும் உண்மைப் பெயர்தான்.

உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கினால் இணையம் நாகரிகமாகிவிடும் என்று ஒரு நாடு சட்டமே போட்டுப் பார்த்தது. தென்கொரியாவில் 2007 முதல் பெரிய தளங்களில் கருத்து எழுத வேண்டுமானால் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. விளைவு, தளங்களிடம் மக்களின் அடையாள விவரங்கள் மலைபோலக் குவிந்தன. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் தளங்களை ஊடுருவி ஏறக்குறைய 3.5 கோடிப் பேரின் விவரங்களைத் திருடிவிட்டார்கள். 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. கூகுளின் சமூக ஊடகமான கூகுள் பிளஸ் 2011இல் உண்மைப் பெயர் விதியோடு தொடங்கிப் பல கணக்குகளை முடக்கி, 2014இல் விதியைக் கைவிட்டது. அதே 2014இல் ஃபேஸ்புக், மேடைப் பெயரில் வாழ்ந்த டிராக் கலைஞர்களின் (எதிர்பாலின வேடமிட்டு மேடையேறுகிறவர்கள்) கணக்குகளைப் பூட்டிவிட்டு, அக்டோபரில் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெயரில்தான் ஊரே அவர்களை அறிந்திருந்தது.

அதனால் கேட்க வேண்டியது, இந்தப் பெயரில் நான் சொல்வதற்கு நான் பொறுப்பேற்பேனா என்பதுதான். வீட்டில் வன்முறையிலிருந்து தப்பி வந்தவர், தன் நோயைப் பற்றி எழுதுகிறவர், அலுவலகத்துக்குத் தெரியாமல் கவிதை எழுதுகிறவர், இவர்களிடம் போய் ‘ஏன் ஒளிந்துகொள்கிறாய்’ என்று கேட்பது கொடுமை. புனைபெயர் என்று முடிவு செய்தால் முழுதாகச் செய்யுங்கள். தனி மின்னஞ்சல் வேண்டும். டொமைன், அதாவது தள முகவரியின், பதிவில் உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேறு கணக்கில் பயன்படுத்திய படத்தை இங்கே போடாதீர்கள், படத்தைக் கொடுத்துத் தேடுவது இன்று ஒரு சொடுக்கு வேலை.

அலுவலகத்தில் ஒரு ஆள், நண்பர்களிடம் ஒரு ஆள், வீட்டில் வேறு ஆள். எல்லாவற்றையும் ஒரே தளத்தில் போடுவது நேர்மையா, அபாயமா?

மூன்று பேரும் நீங்கள்தான், யாரும் பொய் இல்லை. நேரில் இது ஒரு பிரச்சினையே இல்லை, ஏனென்றால் சுவர்கள் இருக்கின்றன. மேலாளரிடம் பேசும்போது தம்பி பக்கத்தில் நிற்பதில்லை. இணையத்தில் அந்தச் சுவர்கள் விழுந்துவிட்டன, ஒரே வாக்கியத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் படிக்கிறார்கள். டானா பாய்ட், ஆலிஸ் மார்விக் போன்ற ஆய்வாளர்கள் இந்தச் சூழல் கலப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். இதன் விளைவு நமக்கெல்லாம் அனுபவத்தில் தெரியும். யாருக்கும் உறுத்தாத, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு குரலில் பேச ஆரம்பிக்கிறோம்.

தளத்தில் சுவரை நீங்களே எழுப்பலாம். ஒரே டொமைனுக்குள் வேலைக்கு ஒரு வாசல், எழுத்துக்கு ஒரு வாசல், இரண்டுக்கும் வேறு வேறு தோற்றம், நடுவில் ஒரு சின்ன சுட்டி. இரண்டும் தெரிந்தால் பரவாயில்லை, ஆனால் தேடி வருகிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இது சரிப்படும். ஒன்று தெரிந்தால் மற்றதுக்கு ஆபத்து என்றால் இந்த யோசனை வேண்டாம், இரண்டு டொமைன், இரண்டு பெயர், நடுவில் எந்தச் சுட்டியும் கூடாது. நான் வேலைப் பக்கத்தையும் கட்டுரைகளையும் ஒரே முகப்பில் வைத்தேன். அதில் ஒரு வாடிக்கையாளர் விலகிப் போனார். இன்னொருவர் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் வந்தார்.

என் தளத்தில் ஒரு படிவம் வைக்கிறேன். அதில் பெயர், பாலினம் எல்லாம் எப்படிக் கேட்பது?

இந்தக் கேள்வியை வெகு சிலரே கேட்கிறார்கள், எல்லாரும் கேட்க வேண்டும். நம்மைக் கட்டத்தில் அடைப்பது பற்றிப் புலம்பிவிட்டு, நாமே மற்றவர்களுக்குக் கட்டம் போடக் கூடாது இல்லையா.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கட்டாயமாக இருந்தால் உலகில் கோடிக்கணக்கானவர்கள் எதையாவது இட்டு நிரப்பித்தான் உள்ளே வர வேண்டும். இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயர்க்காரர்கள் ஏராளம், அந்நாட்டின் முதல் அதிபர் சுகர்ணோவுக்கே ஒரே பெயர்தான். பர்மியர்களுக்குக் குடும்பப்பெயர் வழக்கமில்லை. ஐஸ்லாந்தில் பின்னால் வருவது பெரும்பாலும் தந்தை அல்லது தாயின் பெயரிலிருந்து வருவது. ஸ்பெயினில் இரண்டு குடும்பப்பெயர். ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம் வையுங்கள், தேவைப்பட்டால் ‘உங்களை எப்படி அழைக்கலாம்?’ என்று இன்னொன்று. எந்த எழுத்தையும், எவ்வளவு குட்டிப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும்படி அமையுங்கள்.

பாலினம் உங்களுக்கு எதற்கு? பெரும்பாலான படிவங்களில் அது சும்மா இருக்கிறது, எடுத்துவிடுங்கள். உண்மையிலேயே தேவை என்றால் பட்டியலோடு நிறுத்தாதீர்கள். ஃபேஸ்புக் 2014இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட தேர்வுகளைக் கொடுத்தது, அதுவும் போதாமல் மறு ஆண்டே அவரவரே எழுதிக்கொள்ளும்படி வெற்றுக் கட்டம் திறந்தது.

முகப்புப் படம் கட்டாயமா?

இல்லை. கை, மேசை, நீங்கள் வரைந்த கோட்டோவியம், எது வேண்டுமானாலும் இருக்கலாம். முகம் வைத்தால் இந்த வருடத்து முகத்தை வையுங்கள். கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம், ஏற்றும் முன் அந்தத் தகவலை நீக்குங்கள். வீட்டில் எடுத்த படம் என்றால் நீங்கள் ஏற்றுவது வீட்டு முகவரி.

சரி, இப்போதாவது நிறம், எழுத்துரு பற்றிச் சொல்லுங்கள்.

உங்களுக்குப் பிடித்த நிறம் எதுவானாலும் சரி, படிக்க முடிய வேண்டும். இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற வேறுபாட்டு விகிதத்தைக் கேட்கிறது. எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கம் உடையக் கூடாது. சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்து அழகாகத் தெரிவது உங்கள் புதிய திரையில், அறையின் நிதானமான வெளிச்சத்தில். வெயிலில் பழைய கைபேசியோடு நிற்பவருக்கு வெற்றுப் பலகைதான் தெரியும். நிறத்தால் மட்டும் எதையும் சொல்லாதீர்கள், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

தமிழில் எழுதினால் இன்னும் சில. வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிட அதிக இடம் விடுங்கள், இல்லாவிட்டால் மேலே சுழியும் கீழே வளைவும் மோதிக்கொள்ளும். எழுத்துகளுக்கு இடையே வலிந்து இடைவெளி விட்டால் கொம்பும் காலும் தன் எழுத்தை விட்டு விலகிப்போகும். சாய்வெழுத்து தமிழுக்கு ஒட்டவில்லை, அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்து போதும். பக்கத்தின் மொழி தமிழ் என்று கோடில் குறித்துவிடுங்கள், திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் சரியான குரலைத் தேர்ந்தெடுக்கும்.

பக்கத்தின் எடையும் ஒரு மரியாதைதான். இன்று ஒரு சராசரி இணையப் பக்கம் 2 மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. உங்களைப் பற்றி ஆயிரம் வார்த்தை சொல்ல அவ்வளவு தேவையே இல்லை.

பழைய பதிவுகளைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அழித்துவிடலாமா?

அழிக்க உங்களுக்கு உரிமை உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் 2014 மே மாதத் தீர்ப்பு ஒன்று, தன்னைப் பற்றிய காலாவதியான தகவலைத் தேடல் முடிவிலிருந்து நீக்கக் கேட்கும் உரிமையையே ஏற்றுக்கொண்டது. இன்னொருவரைப் புண்படுத்துவது, உங்களையோ குடும்பத்தையோ ஆபத்தில் வைப்பது, விட்டுவிட்ட பழைய பெயரில் உங்களை அழைப்பது, இவற்றை யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

வெறும் வெட்கத்துக்காக அழிக்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள். பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் கிடைக்காமல் போய்விட்டன. மைஸ்பேஸ் 2019இல், மூன்று வருடத்துக்கு முந்தைய பாடல்களும் படங்களும் சர்வர் மாற்றத்தில் போய்விட்டன என்று சொன்னது. ஜியோசிட்டீஸை அதை வாங்கிய யாஹூ 2009 அக்டோபரில் மூடியது, தன்னார்வலர்கள் ஓடி ஓடிப் பிரதி எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. நாம் அழிக்காவிட்டாலும் அழிகிறது, அவ்வளவு வேகமாக. இருபத்திரண்டு வயதில் நீங்கள் எழுதிய அரைகுறைக் கட்டுரையை இன்று இருபத்திரண்டு வயதில் இருக்கும் ஒருவர் படித்தால் அவருக்குத் தைரியம் வரும். நான் மேலே ஒரு வரி சேர்த்து விட்டுவைத்தேன்: ‘இது 2013இல் எழுதியது, இப்போது எனக்கு இதில் உடன்பாடில்லை, காரணம் இங்கே.’ அந்தச் சுட்டிதான் என் தளத்தில் அதிகம் சொடுக்கப்பட்டது.

முகவரி மாறினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திசைமாற்றம் போடுங்கள். உங்களை நம்பிச் சுட்டி கொடுத்தவர்களுக்கு அது கடன்.

டொமைன் வாங்கினால் அது என் சொத்துதானே?

குத்தகை. காலம் முடியும் முன் புதுப்பிக்க வேண்டும், பொதுவான டொமைன்களை ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருடத்துக்குத்தான் பதிவு செய்ய முடியும். என் முதல் டொமைனை நான் இழந்தேன். அதைப் பதிவு செய்தபோது கொடுத்திருந்தது பழைய அலுவலக மின்னஞ்சல், வேலையை விட்டதும் அது மூடப்பட்டது, நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் அந்த மூடிய பெட்டிக்குப் போயின. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் என் பெயரில் ஒரு சூதாட்டப் பக்கம். என் நண்பர்கள் தங்கள் தளங்களில் எனக்குக் கொடுத்திருந்த சுட்டிகள் எல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொருவருக்கும் எழுதி மாற்றச் சொன்னேன், இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள், அவர்கள் பக்கங்களில் அந்தச் சுட்டி இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆகவே டொமைன் உங்கள் பெயரில், உங்கள் தனிப்பட்ட மின்னஞ்சலில் இருக்கட்டும். தளம் கட்டித் தருகிறவர் பெயரில் பதிவு செய்ய விடாதீர்கள், அது நானாக இருந்தாலும். எல்லாக் கோப்புகளின் பிரதியும் உங்கள் கையில் இருக்கட்டும்.

என் பெயரில் யாரோ போலிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். தளம் இருந்தால் உதவுமா?

நன்றாகவே உதவும். ‘என் கணக்குகள் இவை மட்டும்’ என்று உங்கள் தளத்தில் எழுதினால் சந்தேகப்படுகிறவர் வந்து சரிபார்க்கலாம். மாஸ்டடான் என்ற சமூக ஊடகத்தில் உங்கள் கணக்கு தளத்தைச் சுட்டி, தளமும் ஒரு சிறு குறிப்போடு கணக்கைத் திரும்பச் சுட்டினால் உறுதிப்பட்டதாகக் காட்டும். புளூஸ்கை என்ற இன்னொன்றில் டொமைனையே கணக்கின் பெயராக வைக்கலாம். யாரும் நீலக்குறி தர வேண்டியதில்லை.

எனக்குக் கோடு தெரியாது.

ஒரு பக்கத்துக்குத் தேவையான எச்டிஎம்எல் குறிகள் பத்துப் பன்னிரண்டுதான், ஒரு வாரக் கடைசியில் கற்றுக்கொள்ளலாம். விருப்பமில்லையென்றால் தயார் சேவையைப் பயன்படுத்துங்கள், உள்ளடக்கத்தை முழுதாகத் தரவிறக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் முதல் நாளே பாருங்கள்.

இவ்வளவும் செய்து யாரும் வராவிட்டால்?

நாளுக்கு ஆயிரம் பேர் வரமாட்டார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தபோது என் தளத்துக்குச் சில நாள் ஏழு பேர். ஆனால் அந்த ஏழு பேரும் பெயரைத் தட்டி வந்தவர்கள், கடிதம் எழுதுகிறவர்கள். எண்ணும் கருவியை நான் எடுத்துவிட்டேன், அது இருந்தவரை எதை எழுதினால் எண் கூடும் என்று யோசனை போய்க்கொண்டே இருந்தது, அதுவும் ஒரு கட்டம்தான். புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஓடை வையுங்கள், உங்கள் எழுத்து வேண்டுமென்கிறவர் நடுவில் யாருடைய தயவும் இல்லாமல் பெற்றுக்கொள்வார். உங்களுக்குப் பிடித்த பத்துத் தளங்களுக்குச் சுட்டி கொடுங்கள். 1990களில் வெப்ரிங் என்று ஒன்று இருந்தது, ஒரே ஆர்வமுள்ள பக்கங்கள் கைகோத்து வட்டமாக நிற்கும், ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போகலாம். இப்போது அது மறுபடி துளிர்த்திருக்கிறது, உங்கள் துறையில் இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து தொடங்குங்கள்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக் கட்ட வேண்டும்?

கணக்குக் கிடையாது. புதிதாகச் சந்தித்த ஒருவர் தள முகவரியைக் கேட்கும்போது கொடுக்கத் தயங்கினால் அப்போது. எனக்கு அந்தத் தயக்கம் வந்தது ஒரு பயிலரங்கில், ஒரு மாணவி கேட்டபோது. அங்கே இருக்கிற ஆள் இப்போது நான் இல்லை என்று தோன்றியது. கைபேசியை எடுத்து முகவரியைக் காட்டாமல், அடுத்த மாதம் அனுப்புகிறேன் என்று சொன்னேன். ஐந்து மாதம் ஆயிற்று. பழைய தளத்தின் கோப்புகளைத் தேதி போட்டு ஒரு வட்டில் எடுத்து வைத்தேன், புதியதின் அடியில் அன்றைய தேதியை எழுதினேன், பிறகு அந்த மாணவிக்கு முகவரியை அனுப்பினேன்.